யோகமலர் கை உயர்த்திய சனிக்கிழமை

யோகமலர் தன் வாழ்நாளில் எதையும் வேகமாகச் செய்தவள் இல்லை. லண்டனில் மிச்சம் என்ற ஊருக்கு வந்து முப்பது வருடமாகிறது. புறப்படப்போகிற பஸ்ஸைப் பிடிக்க ஒருநாளும் ஓடியதில்லை. அடுத்தது வரும் என்று நிற்பாள். அவள் வேலையும் அப்படித்தான். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. படுக்கையில் கிடக்கிறவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, எழுப்பிக் கதிரையில் இருத்துவது, குளிக்க வார்ப்பது, ஒரு கரண்டிக் கஞ்சி தொண்டைக்குள் இறங்கும் வரைக்கும் அடுத்த கரண்டியோடு காத்திருப்பது. அவசரக்காரர்கள் அந்த வேலையில் நிலைக்க மாட்டார்கள். "பாத்து, பாத்து" என்பது அவள் வாயில் ஓயாமல் வரும் சொல். அங்கிருந்த வெள்ளைக்காரக் கிழவிகள்கூட அவள் அறைக்குள் நுழையும்போது "பாத்து பாத்து" என்று சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். கணவர் பாலேந்திராவுக்கு நான்கு வருடத்துக்கு முன்னர் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பிறகு ஒரு பத்துப் பன்னிரண்டு சொற்கள் மட்டும், தொலைந்த சாமான்கள் கட்டிலடியில் அகப்படுவதுபோல, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவரைத் தூக்குவதற்கு உள்ளூர்க் கவுன்சிலால் ஒரு இயந்திரம் கொடுத்திருந்தார்கள். தொடைக்குக் கீழே பட்டியை விட்டு, நான்கு பக்கமும் கொழுவி, பொத்தானை அமத்தினால் மனிதர் அந்தரத்தில் எழும்புவார். அதில் தொங்கும்போது பாலேந்திரா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். இல்லத்தில் எத்தனையோ பேரை அப்படித் தொங்கவிட்டவளுக்குத் தன்னுடைய மனிதரைத் தொங்கவிட மனம் வரவில்லை. இயந்திரம் அறை மூலையில் துவாய் காயப்போடும் கொடியாகிவிட்டது. அவள் கையாலேயே தூக்கினாள். ஒருநாளைக்கு ஆறு தரம், ஏழு தரம்.

அந்த வருடம் புரட்டாதியில் அவளுக்கு அறுபது நிறைந்தது. மகள் கஜந்தினி வட லண்டன் எட்மண்டனில் இருந்து வந்து குசினி மேசையில் ஒரு கடித உறையை வைத்தாள். கஜந்தினி ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை. கலியாணம் செய்து, அது சரிவராமல், தனியாக ஒரு பிளாட்டில் இருந்தாள்.

"திறந்து பாருங்கோ அம்மா."

உள்ளே ஒரு படம். சிவப்பு நிறப் படகொன்று முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தேம்ஸ் ஆற்றில் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை விரித்ததுபோல் எழும்பி நின்றது.

"தண்ணியிலையோ? எனக்கு நீந்தத் தெரியாது, பிள்ளை."

"நீந்தத் தேவையில்லை. லைப் ஜாக்கெட் தருவினம். எல்லாமா ஐம்பது நிமிசம்தான். நான் பள்ளிக்கூட ஆக்களோட போனனான். டிவோஸ் முடிஞ்ச கிழமை. எனக்கு அண்டைக்குக் கத்தினது மாதிரி ஒருநாளும் கத்த வரேல்லை. நீங்களும் ஒருக்காக் கத்தவேணும்."

"அப்பாவை ஆர் பாக்கிறது?"

"பியற்றிஸ் அன்ரியோட கதைச்சிட்டன். அவ வாறா."

பியற்றிஸ் யோகமலரோடு இல்லத்தில் வேலை செய்கிறவள். அவளிடம் பாலேந்திராவை விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனாலும் யோகமலர் இன்னும் இரண்டு மூன்று சாட்டுகள் தேடினாள். அப்போது பக்கத்தில் சக்கரக் கதிரையில் இருந்த பாலேந்திரா இடக்கையை மேசையில் தட்டினார்.

"போ," என்றார். அவரிடம் மிஞ்சியிருந்த பன்னிரண்டு சொற்களில் அது ஒன்று.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, பெரிய ராட்டினத்துக்குப் பக்கத்து இறங்குதுறையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் மழைச்சட்டையும் அதற்கு மேலே லைப் ஜாக்கெட்டும் போட்டதும் எல்லோரும் ஒரே அளவான பொதிகள்போல் ஆனார்கள். ஒலிவாங்கி வைத்திருந்த வழிகாட்டிப் பெண் பிடித்துக்கொள்ள வேண்டிய கம்பியைக் காட்டினாள். முழங்காலை மடித்து, பாதத்தை ஊன்றி இருக்கச் சொன்னாள். யாருக்காவது முதுகு வருத்தம் இருந்தால் இப்போதே சொல்லவேண்டும், அவர்கள் பின்னுக்கு இருக்கவேண்டும் என்றாள். யோகமலருக்கு அது விளங்கியது. பின்னேரங்களில் அவளுடைய நாரி, முதுகின் கீழ்ப்பக்கம், நோகும். ஆனால் ஆட்களைத் தூக்கும் வேலை செய்கிற எல்லோருக்கும் பின்னேரங்களில் நாரி நோகும். அதை வருத்தம் என்று அவள் எண்ணியதே இல்லை.

"முன்னுக்கு இருப்பம் அம்மா. அதுதான் பெஸ்ட்," என்று கஜந்தினி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் கால் மணித்தியாலம் படகு சாதுவாகப் போனது. நகரத்துக்குள் அவ்வளவு வேகத்தில்தான் போகலாமாம். பாலங்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே வந்து போயின. வழிகாட்டிப் பெண் எந்த அரசனுக்கு எங்கே தலை போனதென்று சொல்லிக்கொண்டு வந்தாள். யோகமலருக்கு அதிலெல்லாம் நாட்டம் இல்லை. பாலேந்திராவுக்குத் தண்ணீரோ தேத்தண்ணீரோ வெறுமனே கொடுத்தால் புரைக்கேறும்; ஒரு பவுடரைக் கரைத்துத் தடிப்பாக்கித்தான் கொடுக்கவேண்டும். பியற்றிஸ் இரண்டு கரண்டி போட்டாளோ ஒன்று போட்டாளோ என்று யோசித்தபடி இருந்தாள்.

டவர் பாலம் தாண்டி, வொப்பிங் பக்கம் ஆறு அகன்றது. பின்னால் இருந்து படகோட்டிய செந்தாடிப் பெடியன், இருபத்தைந்து வயது இருக்கும், எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு விசையைத் தள்ளினான்.

இயந்திரம் அடிவயிற்றில் இருந்து உறுமியது. படகின் மூக்கு மேலே எழும்பி, யோகமலரின் கண்ணுக்கு முன்னால் ஆறு மறைந்து வானம் மட்டும் நின்றது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு மூக்குத் தாழ்ந்தபோது ஆறு முழுவதும் அவளை நோக்கி ஓடி வந்தது. காற்று வாயைப் பிளந்து உள்ளே புகுந்தது. கண்ணீர் கன்னத்தில் வடியாமல் காதுக்குள் ஓடியது. கரையில் நின்ற கட்டடங்கள் கோடாகிவிட்டன. ஒரு திருப்பத்தில் படகு சரிந்து, மண்ணிறத் தண்ணீர் ஒரு சுவர்போல அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் எழும்பி நின்றது. கையை நீட்டினால் தடவலாம். வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் ஒரு கணம் பின்னாலேயே நின்றுவிட்டு, பிறகு ஓடி வந்து அவளோடு சேர்ந்துகொண்டது.

யாரோ கத்துவது கேட்டது. பயத்தில் கத்துகிற சத்தம் இல்லை. சின்னப் பிள்ளைகள் ஊஞ்சலின் உச்சியில் கத்துவார்களே, அந்தச் சத்தம். அது தன் தொண்டையில் இருந்து வருகிறதென்று யோகமலருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

அந்த எட்டு நிமிடமும் அவள் பாலேந்திராவை நினைக்கவில்லை. பவுடரை நினைக்கவில்லை. நாலு வருடத்தில் முதல் தரமாக, அடுத்ததாகச் செய்யவேண்டிய வேலை என்று ஒன்று அவளுடைய மண்டைக்குள் இருக்கவில்லை.

கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கிற கனேரி வோர்வ் பக்கத்தில் படகு வேகம் குறைந்து மிதந்தது. செந்தாடிப் பெடியன் எழுந்து நின்று எல்லோருடைய முகத்தையும் பார்த்தான். எல்லோரும் நல்லாக இருக்கிறீர்களா, யாருக்காவது மெதுவாகப் போகவேண்டுமா என்று கேட்டான். எல்லோரும் முகத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் கேட்டான். பிறகு, "அப்ப ஆருக்கு இன்னொருக்கா வேணும்? இதைவிட வேகமா?" என்றான்.

முதலில் உயர்ந்தது யோகமலரின் கை. தோள் மூட்டுக்கு மேலே, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை உயர்த்துவதுபோல் நேராக உயர்த்தினாள். கஜந்தினி தாயைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மற்றவர்களும் உயர்த்தினார்கள்.

இரண்டாவது ஓட்டம் முதலாவதைவிட வேகம். ஒரு பெரிய பயணிகள் கப்பல் சற்று முன்னர்தான் அந்த வழியால் போயிருந்தது. அது கிளப்பிவிட்ட அலைகள் ஆற்றுக்குக் குறுக்கே வரிவரியாகக் கிடந்தன. முதலாவது அலையில் படகு குதித்து மெதுவாகத்தான் விழுந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். இரண்டாவதில் மூக்கு உயரமாக எழும்பி, ஒரு மூச்சு நேரம் காற்றில் நின்று, கீழே வந்து தண்ணீரில் அறைந்தது. தண்ணீர் சீமெந்து நிலம்போல் இருந்தது. யோகமலருக்கு நடு முதுகில், நாரிக்குச் சற்று மேலே, பச்சைத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காதால் கேட்டதல்ல. உடம்புக்குள்ளே கேட்டது. மூச்சு நின்றது.

படகோட்டி உடனே வேகத்தைக் குறைத்து, எல்லோரும் சரியா என்று குரல் கொடுத்தான். கஜந்தினி திரும்பித் தாயைப் பார்த்தாள். நனைந்த தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருக்க, ஏழு வயதில் சிரித்த சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. அந்தச் சிரிப்பை யோகமலர் பார்த்து இரண்டு வருடமாகியிருந்தது. அவள் கம்பியில் இருந்து கையை எடுத்து, பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இறங்குதுறைக்குத் திரும்பி வரும் வரைக்கும் அவள் மூச்சைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டு இருந்தாள். ஏணியில் ஏறும்போது உடம்பெல்லாம் வேர்த்தது. குளிர் என்று மகள் நினைத்து, தன்னுடைய சால்வையைப் போர்த்திவிட்டாள். எங்கேயாவது இருந்து சாப்பிடுவோம் என்றவளிடம் யோகமலர், "அப்பா பாத்துக்கொண்டு இருப்பார், பிள்ளை. நீ போ. எனக்குப் பாதை தெரியும்தானே," என்று சொல்லி வாட்டர்லூவில் அனுப்பிவைத்தாள். கோலியர்ஸ் வுட் வரைக்கும் ரெயினில் நின்றுகொண்டே வந்தாள். ஒரு இளம்பெண் இடம் தந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். இருந்தால் எழும்ப ஏலாதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸிலும் நின்றாள்.

வீட்டில் பியற்றிஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றாள். அவளுக்கு ஆறு மணிக்கு ஷிப்ட்.

"எப்பிடி மலரக்கா?"

"நல்லா இருந்துது, பியற்றிஸ்."

"முகம் ஏன் வெளிறிப்போய்க் கிடக்கு?"

"ஆத்துக் காத்து. நீர் வேலைக்கு வெளிக்கிடும், நேரமாகுது."

அவள் போனதும் யோகமலர் இரண்டு பனடோல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு சுவரில் கையை ஊன்றி நின்றாள். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பாலேந்திரா கதிரைப் பிடியைத் தட்டினார். ரொயிலற்றுக்குப் போகவேண்டும் என்று அர்த்தம்.

மூலையில் நின்ற இயந்திரத்தை அவள் பார்த்தாள். அதில் மூன்று துவாய் காய்ந்துகொண்டிருந்தது. அவற்றை எடுத்து, பட்டியைத் தேடி, கொழுவி முடிப்பதற்குள் அவருக்குத் தாங்காது. பிறகு உடுப்பெல்லாம் மாற்றவேண்டும். அதற்கும் குனியவேண்டும். ஒருதரம் தூக்குவது லேசு என்று கணக்குப் போட்டாள். வழக்கம்போல முழங்காலை அவருடைய முழங்காலுக்கு அண்டை கொடுத்து, அக்குளுக்குள் கையை விட்டு, "பாத்து, பாத்து, எழும்புங்கோ," என்றாள்.

பாதி எழும்பியதும் அவளுடைய கால்கள் இல்லாமல் போயின. நோவு வந்ததா வரவில்லையா என்பதுகூட அவளுக்குப் பிறகு நினைவில் இல்லை. நிலத்தில் மல்லாந்து கிடந்தாள். பாலேந்திரா அவள் மேலே குறுக்காகக் கிடந்தார். அவருடைய முகம் அவளுடைய கழுத்தடியில் இருந்தது. அவருக்கு அடிபடவில்லை, விழுந்த பாரத்தை அவள் உடம்பு வாங்கிக்கொண்டது. கைப்பேசி குசினி மேசையில் கிடந்தது. அவரைத் தள்ளிவிட அவளால் ஏலவில்லை. அவருக்குத் தானாக அசைய ஏலாது. சிறுநீர் இருவருடைய உடுப்பையும் நனைத்தது.

"அழாதேங்கோ," என்றாள். அவர் அழுவது கழுத்தில் சூடாகத் தெரிந்தது.

அவருடைய கழுத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் மாலைபோல் தொங்கும். ஆபத்து என்றால் அமத்துவதற்குக் கவுன்சில் கொடுத்தது. நாலு வருடத்தில் ஒருநாளும் அமத்தியதில்லை. அது இரண்டு பேருடைய நெஞ்சுக்கும் இடையில் அகப்பட்டிருந்தது. பாலேந்திரா இடக்கையை மெல்ல மெல்ல உள்ளே விட்டார். விரல்கள் அவளுடைய விலாவில் ஊர்ந்து போவதை யோகமலர் உணர்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சுவரில் இருந்த பெட்டி கிர்ரென்று ஒலித்து, ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில், "மிஸ்டர் பாலேந்திரா, உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்று கேட்டது.

"ஓம்," என்றார் பாலேந்திரா, தன்னால் இயன்ற அளவு சத்தமாக.

பெட்டிக்குள் இருந்தவளுக்குத் தமிழ் விளங்கவில்லை. யோகமலர் ஆங்கிலத்தில் விலாசத்தைச் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முள்ளந்தண்டில் ஒரு எலும்பு படகில் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்போடு ஆளைத் தூக்கியபோது அது நொறுங்கி அமர்ந்துவிட்டது. எலும்புகள் எல்லாமே தேய்ந்து மெலிந்துபோயிருக்கின்றன. அதை யாரும் முன்னர் பரிசோதிக்கவில்லை. நடக்கலாம். ஆனால் மூன்று மாதம் இடுப்பில் இருந்து மார்பு வரைக்கும் கவசம் போட்டிருக்கவேண்டும். இனிமேல் வாழ்நாளில் ஒரு ஆளைத் தூக்கக்கூடாது.

அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அவரை ஆர் தூக்கிறது?" என்பதுதான். விடை கவுன்சிலிடம் இருந்தது. குறொய்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் காலியாக இருந்தது. தன்னுடைய இல்லத்தில் ஒரு இடம் கிடைக்காதா என்று யோகமலர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தாள். அங்கே கட்டில் இல்லை. பாலேந்திராவை அவளுக்குக் காட்டாமலே கொண்டுபோனார்கள். கஜந்தினிதான் உடுப்புகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கிக் கொடுத்தாள். தேத்தண்ணீருக்குப் போடும் பவுடரைப் பற்றி ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி, அவருடைய அலுமாரிக் கதவில் ஒட்டினாள்.

கார்த்திகை நடுப்பகுதியில், கவசத்தோடு, மகளுடைய காரின் முன்சீற்றைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு யோகமலர் முதல் தரமாக அவரைப் பார்க்கப் போனாள். ஆறு கிழமைக்குள் மனிதர் பாதியாகிப் போயிருந்தார். தாடி மழித்த இடத்தில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தது. யோகமலர் அதைத் தொடக் கையை நீட்டினாள். அவரிடம் குனிய ஏலவில்லை. கஜந்தினி மனேஜரோடு கதைக்கப் போனாள். இருவரும் தனியாக இருந்தார்கள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "நான் உங்களுக்கு அந்தப் படகுக் கதை சொல்லவே இல்லை."

அவர் அவளைப் பார்த்தார்.

அவள் சொன்னாள். படகின் மூக்கு எழும்பியதை, தண்ணீர் சுவராக நின்றதை, கண்ணீர் காதுக்குள் ஓடியதை எல்லாம் சொன்னாள். கத்தியதைச் சொன்னபோது அந்தச் சத்தத்தை மெல்லிய குரலில் செய்துகாட்டினாள். பாலேந்திராவின் இடப்பக்க வாய் சிரித்தது. தோள் குலுங்கியது.

"பயம்?" என்று கேட்டார்.

"இல்லை. பயமே இல்லை. நல்லா இருந்துது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களை நினைக்கவே இல்லை, தெரியுமே. ஒரு எட்டு நிமிசம்," என்றாள்.

அவர் இடக்கையால் அவளுடைய கையைத் தட்டினார். இரண்டு தரம். கதிரைப் பிடியைத் தட்டுகிற மாதிரி இல்லை.

மார்கழி இரண்டாம் கிழமை அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாலாம் நாள் முடிந்துபோனார். சளி என்றுதான் எழுதினார்கள். புரைக்கேறிய தேத்தண்ணீர் நெஞ்சுக்குள் போனாலும் சளிதான் கட்டும்; யோகமலர் அதைக் கேட்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு இருபது பேருக்குத் தேத்தண்ணீர் கொடுக்க இரண்டு பேர் ஓடித்திரியும்போது, அலுமாரிக் கதவில் ஒட்டியிருப்பதை வாசிக்க யாருக்கு நேரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் அப்படி ஓடித் திரிந்தவள்தான். ஒருநாளாவது தானும் பவுடர் போட மறந்திருப்பேனோ என்று பிரேதப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோசித்தாள்.

தை மாதம் படகு விபத்தை விசாரிக்க ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. கஜந்தினியின் சிநேகிதி துசியந்தி சட்டத்தரணி. நட்டஈட்டு வழக்கை அவள்தான் பொறுப்பெடுத்திருந்தாள். அதிகாரி வருவதற்கு முதல்நாள் தொலைபேசியில், "அன்ரி, நடந்ததைத்தான் சொல்லவேணும். ஆனா கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ. கேளாததை நீங்களா எடுத்துச் சொல்லவேண்டாம்," என்றாள்.

வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எங்கே இருந்தீர்கள், எப்படிப் பிடித்திருந்தீர்கள், எத்தனையாவது அலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். படகோட்டி உங்களிடம் ஏதாவது கேட்டாரா என்றும் கேட்டாள். மற்றப் பயணிகளுக்கு அது நினைவில்லையாம். கேட்டேன் என்று அவன் சொல்கிறானாம். அன்றில் இருந்து அவனைப் படகில் ஏறவிடவில்லை என்பதையும் சொன்னாள்.

கஜந்தினி தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் தாயைப் பார்க்கவில்லை.

"கேட்டவன்," என்றாள் யோகமலர், ஆங்கிலத்தில், நிதானமாக. "ஒருதரம் இல்லை, இரண்டு தரம் கேட்டவன். மெதுவாப் போகவேணுமோ எண்டு கேட்டவன். இன்னும் வேகமா வேணுமோ எண்டு கேட்டபோது முதல் கை உயர்த்தினது நான். எலும்பு வெடிச்ச பிறகும் சரியா எண்டு கேட்டவன். நான் சரி எண்டு விரலைக் காட்டினனான்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதையும் எழுதினாள்.

அவள் போனதும் கஜந்தினி குசினிக்குள் போய்க் கேத்திலைப் போட்டாள். கேத்தில் கொதித்து நின்றது. தேத்தண்ணீர் வரவில்லை. யோகமலர் தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மகள் பாத்திரம் கழுவும் சிங்கைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏனம்மா சொன்னீங்கள்? அவ விரலைப் பற்றிக் கேக்கவே இல்லையே."

"நடந்தது அதுதானே, பிள்ளை."

"நடந்தது எண்டால் நான் சொல்லவே?" கஜந்தினி திரும்பவில்லை. "டிக்கெட் எடுக்கேக்க ஒன்லைனிலை ஒரு போம் இருந்தது. முதுகு வருத்தம் இருக்கோ, எலும்பு வருத்தம் இருக்கோ, வயசு அறுபது ஆச்சோ எண்டு. ஓம் எண்டு போட்டா விடமாட்டினம் எண்டு நான் எல்லாத்துக்கும் இல்லை எண்டு அடிச்சனான். உங்கட நாரி நோகிறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சனான். நாலு மாசமா இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பாட பெட்டி உள்ளுக்குப் போகேக்கையும் இதைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான்."

யோகமலர் கதிரையை இழுத்து இருந்தாள். மகளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. அதேநேரம், அந்தப் படிவத்தில் "ஓம்" என்று அடித்திருந்தால் பாலேந்திரா இப்போது அடுத்த அறையில் கதிரைப் பிடியைத் தட்டிக்கொண்டு இருப்பார் என்றும் மனதில் ஓடியது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. இரண்டாவதை அவள் வாயில் வரவிடவில்லை.

"இயந்திரம் அங்கை நிண்டது," என்றாள். "நான் துவாய் காயப்போட்டிருந்தன். அதை எடுக்கப் பஞ்சிப்பட்டுத்தான் கையாலை தூக்கினன். நோகுது எண்டு உனக்குச் சொல்லியிருந்தா நீ என்னை நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பாய். ஆர் ஆரைக் குற்றம் சொல்லுறது?"

கஜந்தினி அழுதாள். யோகமலர் அவள் அழுது முடிக்கும் வரைக்கும் இருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கமான வேலை.

"இன்னொண்டும் சொல்லுறன், கேள்," என்றாள் பிறகு. "அந்தப் படகிலை எனக்குச் சந்தோசமா இருந்தது. அப்பாவுக்கும் அதைச் சொல்லிப்போட்டன். அதை மட்டும் பிழை எண்டு சொல்லச்சொல்லி என்னைக் கேக்காதை. மற்றதெல்லாம் பிழைதான்."

சித்திரையில் அறிக்கை வந்தது. அலைகளுக்குக் குறுக்கே போகும்போது குறைக்கவேண்டிய வேகத்தைப் படகு குறைக்கவில்லை என்றும், முன் இருக்கைகளில் அடியைத் தாங்கும் ஏற்பாடு போதாதென்றும், வேக எல்லையை எழுதிக் கொடுக்காதது கம்பனியின் குறை என்றும் அதில் இருந்தது. கம்பனி முன்வரிசையைக் கழற்றிவிட்டதாம். செந்தாடிப் பெடியனுக்குப் படகோட்டும் அனுமதி திரும்பக் கிடைத்தது. ஆனால் அவன் திரும்பிப் போகவில்லை, வேறு வேலை தேடிக்கொண்டான் என்று துசியந்தி சொன்னாள். வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்ன வாக்குமூலத்தால் நட்டஈடு பெரிதாக எதிர்பார்க்க ஏலாது அன்ரி என்றும் சொன்னாள். யோகமலர் சரி என்றாள்.

இல்லத்தில் அவளுக்கு இனி வேலை இல்லை. வரவேற்பு மேசையில் இருக்கலாமா என்று கேட்டுப் பார்த்தாள். கணினி வேகமாகத் தட்டத் தெரியவேண்டும் என்றார்கள். பியற்றிஸ் கிழமைக்கு ஒருநாள் கறி கொண்டுவந்து தருவாள். கவுன்சில் ஆட்கள் வந்து இயந்திரத்தையும் கட்டிலையும் சுவரில் இருந்த பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை தெரிந்தது.

வைகாசியில் பியற்றிஸின் மகனுக்குக் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம். யோகமலர் வரமாட்டேன் என்றாள். கஜந்தினி விடவில்லை. நீலச் சேலையை உடுத்தி நிற்கச் சொன்னபோது, சேலைக்கரை நிலத்தில் இழுபட்டது. கொசுவத்தை உயர்த்திச் செருகிப் பார்த்தார்கள். வயிற்றடியில் பொதிபோல் தள்ளிக்கொண்டு நின்றது. உள்பாவாடையும் காலுக்கு மேலே மடிந்து கிடந்தது.

"உடுத்தின விதம் பிழையோ?" என்றாள் யோகமலர்.

கஜந்தினி எழும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்து அளவுநாடாவைக் கொண்டுவந்து தாயைச் சுவரோடு நிற்கவைத்து அளந்தாள். தலைக்கு மேலே ஒரு புத்தகத்தை வைத்து, பென்சிலால் அடையாளம் போட்டு, மறுபடியும் அளந்தாள். பழைய பாஸ்போட்டில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. நொறுங்கிய எலும்பும் தேய்ந்த எலும்புகளும் அமர்ந்ததில் அவள் அவ்வளவு கட்டையாகிவிட்டாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள் யோகமலர்.

கஜந்தினி சொன்னாள்.

யோகமலர் சுவரில் இருந்த பென்சில் கோட்டை விரலால் தடவினாள். பிறகு பாவாடையைக் கழற்றிக் கொடுத்தாள். மகள் நிலத்தில் இருந்து, வாயில் நாலு ஊசியைக் கவ்விக்கொண்டு, கரையை இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கத் தொடங்கினாள்.